கோமாளி மீனும் அம்மாவின் டிரம்மும்

போன வருஷம் தை மாதம். பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பூநாரை பார்க்க வருகிற கார்களால் பழவேற்காடு பாலமே திணறிக்கொண்டிருந்த சமயம். அந்தப் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மீனவக் குப்பத்தில்தான் இது நடந்தது. ஒரு கண்ணாடித் தொட்டியையும் இரண்டு மீனையும் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன் நான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் விலங்கியல் பட்டம் முடித்திருந்தேன். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, காலையில் பஸ் பிடித்து பொன்னேரிக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் மத்தியானம் திரும்புவேன். மிச்ச நேரத்துக்குச் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. பொன்னேரியில் ஒரு பல் மருத்துவர் தன் கிளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றியபோது, அங்கே வரவேற்பறையில் இருந்த இரண்டடி மீன்தொட்டியை "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். அங்கே வேலை பார்த்த என் தோழி எனக்குப் போன் செய்தாள். அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் சரி சொல்லிவிட்டேன்.

தொட்டியை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோதே முடிவு செய்துவிட்டேன், சாதாரண தங்க மீன் எல்லாம் கிடையாது. கடல் மீன்தான். அதுவும் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். செல்போனில் ஒரு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். நோட்டு போட்டு எழுதினேன். கடைசியில் வீடியோ போட்டவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். கடல் மீன் தொட்டிக்கு அஸ்திவாரமே தண்ணீர். குழாய்த் தண்ணீரா, சுத்திகரித்த தண்ணீரா என்பதை முதலில் முடிவு செய். குழாய்த் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறதோ தெரியாது, பாசி பிடிக்கும், கிருமிக்காகப் போடுகிற மருந்து மீனின் செவுளை எரிக்கும். சுத்திகரித்த தண்ணீரில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத தண்ணீரில், கடல் உப்பு என்று தனியாக விற்கிற பொடியைக் கலந்தால் உன் வீட்டிலேயே கடல் தயார்.

உப்பு பார்சலில் வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்குப் பொழுது போயிற்று.

"இன்னாடி அது, மூட்டை?" எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

"உப்பு அத்த. மீன் தொட்டிக்கு."

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பிக் கடலைப் பார்த்தாள். பிறகு ஏரி இருக்கிற பக்கம் பார்த்தாள். "இந்தப் பக்கம் உப்புத் தண்ணி, அந்தப் பக்கம் உப்புத் தண்ணி. நடுவுல ஒக்காந்துகினு உப்பைப் பார்சல்ல வாங்கறா பாரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நைனாவும் விடவில்லை. "ரெண்டு கேன் குடு, நாளைக்குக் கடலுக்குப் போசொல்ல மொண்டுகினு வரேன்" என்றார். நான் மறுத்தேன். மழைக்காலம் முடிந்த கையோடு ஏரித் தண்ணீரில் உப்பு ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும், கரையோரக் கடல் தண்ணீரிலோ படகு எஞ்சின் டீசல் மிதக்கும், அளவு நிலையாக இருக்காது என்று விளக்கினேன். நைனா தலையாட்டினார். மறுநாள் ஒரு வாளியில் விரல் நீளக் கீச்சான் மீன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதைக் கையில் எடுத்தால் கீச் கீச் என்று கத்தும், அதனால்தான் அந்தப் பெயர்.

"இதையும் தொட்டியில போடு."

"நைனா, இது நான் வாங்கப் போற மீனத் தின்னுடும்."

"அப்ப இத மட்டும் வை. தோ பாரு, கத்துது. நீ வாங்கற மீனு கத்துமா?"

இப்படியெல்லாம் தாண்டித்தான், சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் விற்கிற சந்தைக்குப் போய் அந்த இரண்டு கோமாளி மீன்களையும் பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து, பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் விட்டதும் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி நீந்தின. தெருவே வந்து பார்த்தது. "அழகாத்தான் கீது. ஆனா எந்தக் கொழம்புல போடறது?" என்று அத்தை தீர்ப்பு சொன்னாள்.

இப்போது எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்திருப்பார்கள், அதற்குப் 'பாடு' என்று பெயர். எங்கள் தெருப் பெண்கள் தெருக்குழாய்க்கும் பாடு வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நம் பாடு என்றால் முதல் குடம் நம்முடையது. ஆனால் அந்தத் தண்ணீர் சவர். வாயில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் மூன்று நாளைக்கு ஒரு முறை கேன் தண்ணீர் வரும்.

கேனைக் கொண்டுவருகிறவர் ஒரு அக்கா. காட்டூர்க்காரர், முப்பது வயசு இருக்கும். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ. நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு தானே வண்டி வாங்கித் தண்ணீர் லைனில் இறங்கியவர். பேண்ட் மேல் ஒரு பழைய ஆம்பிளைச் சட்டை, தோளில் துண்டு. இருபது லிட்டர் கேனை ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றுவார். அவருக்கு முதல் முதலில் கிடைத்த ரூட்டே எங்கள் குப்பம்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்துக் குப்பங்களைப் பிடித்தார். 'கேன் அக்கா' என்றால் கரை முழுக்கத் தெரியும்.

எங்கள் தெருவில் கேனை அப்படியே வீட்டில் வைத்துக்கொள்கிற வழக்கம் கிடையாது. வண்டி வந்து நின்றதும் கேனை உள்ளே கொண்டுபோய், மூடி போட்ட எவர்சில்வர் டிரம்மில் கவிழ்த்துவிட்டு, காலிக் கேனை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்காவுக்கும் அதுதான் வசதி. அவர் வருவது காலை பத்து மணிக்கு. நான் அப்போது பொன்னேரியில் இருப்பேன். வீட்டுக்கு வந்தால் டிரம் நிறைய 'சுத்திகரித்த தண்ணீர்'. அதை மொண்டு, உப்புப் பொடி கலந்து, ஒரு நாள் வைத்திருந்து தொட்டியில் ஊற்றுவேன். தினமும் ஆவியாகிக் குறைகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்றுவேன், ஏனென்றால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயேதான் இருக்கும். "உப்புத் தண்ணி மீனுக்கு நல்ல தண்ணி ஊத்தறா, இவளுக்கு இன்னாவோ ஆயிடுச்சி" என்று அதற்கும் அத்தையிடம் பேச்சு வாங்கினேன்.

மூன்றாவது வாரத்திலேயே பிரச்சினை ஆரம்பித்தது. கண்ணாடியில் பழுப்பாகப் பாசி. துடைத்தால் மறுநாள் மறுபடியும். நோட்டைப் புரட்டினேன். வெளிச்சம் குறைத்தேன், தீனி குறைத்தேன். போகவில்லை. அப்புறம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பாதித் தண்ணீரை மாற்றினால் சரியாகும் என்று, அவசரத்தில் அன்றைக்கு வந்த டிரம் தண்ணீரையே உப்புக் கலந்து ஊற்றினேன். அரை மணி நேரத்தில் இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. உடம்பு நிறமே வெளுத்துவிட்டது.

சமையலறைக்கு ஓடினேன். டிரம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். லேசாக பிளீச்சிங் பவுடர் வாசனை. அன்று காலைதான் ஊர் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அது குழாயில் வர வேண்டிய வாசனை. கேன் தண்ணீரில் எப்படி வரும்?

உப்புப் பார்சலோடு வந்த மருந்துப் புட்டி ஒன்று ஞாபகம் வந்தது, பிளீச்சிங்கை முறிக்கிற மருந்து. சொட்டுச் சொட்டாக விட்டேன். காற்றுக் குழாயை இரண்டாக்கினேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பெரிய மீன் மெல்லக் கீழே இறங்கி, சின்ன மீனைப் போய் இடித்தது. உயிர் வந்தது, மீன்களுக்கும் எனக்கும்.

பயம் போனதும் கோபம் வந்தது. என்னிடம் டிடிஎஸ் மீட்டர் என்று ஒன்று இருந்தது. பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் நுனியை நனைத்தால், அதில் எவ்வளவு உப்பும் மற்றதும் கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும். வாங்கிய நாளில் பைப்பில் வைத்துப் பார்த்திருந்தேன், ஆயிரத்து நூற்றுக்கு மேல். சுத்திகரித்த தண்ணீர் என்றால் ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். அதை மட்டும் சோதிக்கத் தோன்றியதே இல்லை. சுத்தம் என்று பெயரிலேயே இருக்கிறதே! இப்போது டிரம்மில் நனைத்தேன். முந்நூற்றுப் பத்து.

சரி, நம் வீட்டில் மட்டும்தானா? மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, மீட்டரும் நோட்டுமாக வீடு வீடாகப் போனேன்.

"தண்ணிக்கு இன்னா ஜுரமா? தெர்மாமீட்டர் வெச்சிப் பாக்கற?" அத்தை கேட்டாள்.

அவள் வீட்டு டிரம்மில் முந்நூற்று நாற்பது. பக்கத்து வீட்டு அண்ணி குடத்தில் இருநூற்று எண்பது. மூலை வீட்டில் முந்நூறு. எட்டு வீடு பார்த்தேன். எட்டிலும் கிட்டத்தட்ட அதே எண். ஒரு வீட்டில் தப்பு நடக்கலாம். எட்டு வீட்டிலும் ஒரே மாதிரி என்றால் அது வந்த இடத்திலேயே தப்பு. படித்தவளுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது, நோட்டை விரித்து வைத்துப் பேசினேன். "இது சுத்திகரிச்ச தண்ணியே இல்ல. நம்ம குழாய்த் தண்ணிய மாதிரி எதையோ கலந்து விக்கறாங்க. கலப்படம்."

அம்மாவும் அங்கேதான் நின்றாள். குடத்தின் கழுத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா சிரிச்சி சிரிச்சிப் பேசுவாளே, இப்படியா பேமானி வேல பண்ணுவா?" என்றார் அண்ணி.

"படிச்ச பொண்ணு சொல்லுது. எட்டு வீட்டுல பாத்துட்டு சொல்லுது" என்றாள் அத்தை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பதற்கில்லை.

எங்கள் ஊரில் ஒரு முடிவு என்றால் எல்லாருக்கும் ஒரே முடிவுதான். கேனை நிறுத்தியாகிவிட்டது. மறுநாள் காலை எங்கள் தெருப் பெண்கள் மீன் கூடையோடு பழவேற்காடு சந்தைக்குப் போனார்கள். அங்கே மற்றக் குப்பத்துப் பெண்களும் வருவார்கள். மத்தியானத்துக்குள் பக்கத்து இரண்டு குப்பத்திலும் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வகுப்பு இல்லாததால் நானும் வீட்டில் இருந்தேன். வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரும் கேனோடு வெளியே வரவில்லை. வாசலில் மட்டும் வந்து நின்றார்கள். அக்கா இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார்.

"இன்னா, எல்லாரும் ஊருக்குப் போறீங்களா? நேத்திலிருந்து எங்க போனாலும் வேணாம் வேணாம்னு சொல்றாங்க. ஏத்துன லோடு ஏத்துனபடி திரும்புது. யாருமே காரணம் சொல்ல மாட்றாங்க. இந்தக் கரைய நம்பித்தாங்க நான் வண்டியே எடுத்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் போய் நோட்டைக் காட்டினேன். ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது, முந்நூறு இருக்கிறது என்றேன். என் மீன்கள் சாகப் பார்த்தன என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே எழுந்திருக்கும்.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாகப் படித்தார். வண்டிக்குப் போய், முன்னால் இருந்த கேனை விட்டுவிட்டு, உள்ளே கடைசி வரிசையில் இருந்த ஒன்றை இழுத்துக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"சீல் இருக்குதா பாரு."

"இருக்கு."

"நீயே ஒட. நீயே மொண்டு பாரு. நான் கை வெக்கல."

உடைத்தேன். ஒரு டம்ளரில் பிடித்தேன். மீட்டரை நனைத்தேன். தெருவே கழுத்தை நீட்டியது.

முப்பத்தெட்டு.

மீட்டரைத் துடைத்து மறுபடி வைத்தேன். முப்பத்தெட்டு. "வேற ஒண்ணு எடு, உன் இஷ்டத்துக்கு எடு" என்றார் அக்கா. நானே ஏறி நடுவிலிருந்து ஒன்று எடுத்தேன். முப்பத்தாறு. இன்னொன்று. முப்பத்தொன்பது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்ப... வீட்டுல மட்டும் எப்படி முந்நூறு வரும்?" என்று கேட்டேன், யாரிடம் கேட்கிறேன் என்றே தெரியாமல்.

அம்மா திடீரென்று கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிய ஆரம்பித்தாள். அத்தை வானத்தில் ஏதோ பறவையைத் தேடினாள். அண்ணி தன் கால் விரலைப் பார்த்தார். எட்டு வீட்டுப் பெண்கள் நின்றார்கள், ஒருத்தர் கண்ணாவது என் கண்ணைப் பார்க்க வேண்டுமே!

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. "கேன் தண்ணிய எதுல ஊத்தறீங்க?" என்று கேட்டார்.

"டிரம்முல" என்றாள் அம்மா.

"டிரம்மு காலியா இருக்குமா ஊத்தசொல்ல?"

அம்மா கொண்டையை இறுக்கினாள். "சும்மா ஒரு ரெண்டு சொம்பு கெடக்கும்."

"ரெண்டு சொம்பு இன்னாது?"

"கொழாத் தண்ணிதான். பின்ன இன்னா? கேன் தண்ணி சப்புனு கீது. வாயில வெச்சா ஒண்ணுமே தெரியல. சோறு வெந்தாக்கூட ருசியில்ல. அதான் ரெண்டு சொம்பு."

என் மூளை அந்த நேரத்திலும் கணக்குதான் போட்டது. "ரெண்டு சொம்புக்கு முந்நூறு வராதேம்மா!"

"சரிடி, அரைக் கொடம்!" என்று அம்மா கத்தினாள். "இப்ப இன்னான்ற?"

அத்தை வானத்திலிருந்து கீழே இறங்கினாள். "அய்ய, நீயும் ஊத்துவியா? நான் மட்டுந்தான்னு நெனச்சேன். நான் அரைக் கொடத்துக்கு மேலயே ஊத்துவேன்" என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்தது. "எங்க வீட்டுல நான் கால் கொடத்துக்கு மேல", "அவுரு திட்டுவாருன்னு அவுரு கடலுக்குப் போனதும் ஊத்துவேன்", "நீதானடி அன்னிக்கி எனக்கு கேன் தண்ணி குடிச்சாதான் ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்ன?" "சொன்னேன், நான் குடிச்சேன்னா சொன்னேன்?" ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சவர்த் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்கு, உப்பில்லாத தண்ணீரை ஏற்கவில்லை. எட்டு வீட்டிலும் தனித்தனியாக, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், கிட்டத்தட்ட ஒரே அளவு கலந்திருக்கிறார்கள். என் நோட்டில் இருந்த அந்த எட்டு எண்ணும், எங்கள் தெருவின் வாய் ருசி.

"அப்ப நான் குழாயடியில கலப்படம்னு சொன்னப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நீ கலப்படம்னு சொன்ன. நான் ஏதோ மருந்து கிருந்துன்னு நெனச்சேன். நம்ம ஊரு கொழாத் தண்ணி கலப்படமா? அதக் குடிச்சித்தான நீ வளந்த?"

"மீனுக்கு எடுக்கறேன்னு தெரியும்லம்மா?"

"தெரியும். எடுத்துப்போயி நீ இன்னா பண்ற? அதுல மூட்ட மூட்டயா உப்பக் கொட்ற. உப்பு கொட்டப் போற தண்ணியில அரைக் கொடம் உப்புத் தண்ணி இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? உனக்கு உப்பு மிச்சந்தான!"

எல்லா உப்பும் ஒன்றில்லை, குழாய்த் தண்ணீரில் பாசிக்குத் தீனியாகிற சத்துகளும் பிளீச்சிங்கும் இருக்கின்றன என்று சொல்லியிருக்க முடியும். ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டியது ஒரு மாதத்துக்கு முன்னால். மீட்டர் என்ன காட்டுகிறது என்று நான் யாருக்கும் சொன்னதே இல்லை. டிரம்மில் தண்ணீர் எப்படி வருகிறது என்று யாரையும் கேட்டதும் இல்லை. எண்ணைப் படிக்க மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. சீல் உடைத்த கேன்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "தப்பு என்னோடதுக்கா. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"மன்னிப்ப எந்த டிரம்முல ஊத்தறது?" என்றார். "இங்க இவுங்க சிரிச்சிட்டாங்க, முடிஞ்சிது. அந்த ரெண்டு குப்பத்துல யாரு போயி சொல்லுவா? நான் சொன்னா நம்புவாங்களா? நீ மீட்டர எடுத்துகினு வீடு வீடா போன இல்ல, இப்ப என் கூட ஊர் ஊரா வா. ஏறு வண்டியில."

ஏறினேன். செருப்புகூட மாற்றவில்லை.

அந்த நாளை என்னால் மறக்கவே முடியாது. லோடு ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் நான், மடியில் மீட்டரும் டம்ளரும். இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர் வெயிலில் மின்னுகிறது, தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. வண்டியில் ஒலிபெருக்கி உண்டு, "சுத்தமான குடிநீர் கேன்" என்று அக்காவின் குரலே பதிவாகி ஓடும். அதை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். "பேசு. குழாயடியில பேசுன இல்ல, அதே சவுண்டுல பேசு."

"தண்ணிய உங்க கண்ணு முன்னாடியே சோதிச்சிக் காட்டறோம், வந்து பாருங்க" என்று முதலில் முனகினேன். இரண்டாவது தடவை கத்தினேன். மூன்றாவது தடவை எனக்கே பிடித்துவிட்டது. முதல் குப்பத்தில் ஒரு கூட்டம் கூடியது. கும்பலிலிருந்து யாரையாவது கூப்பிட்டு ஒரு கேனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், அவர்களே சீல் உடைப்பார்கள், அவர்களே எண்ணைப் படிப்பார்கள். பிறகு, "நாங்கதான் தப்பா சொல்லிட்டோம். எங்க வீட்டு டிரம்முல எங்கம்மா அரைக் கொடம் கொழாத் தண்ணி ஊத்தி வெச்சிருந்தாங்க. அதப் பாக்காம நான்தான் இந்த அக்கா மேல பழி போட்டேன்" என்று மைக்கிலேயே சொல்வேன். அம்மாவின் புகழ் கரை முழுக்கப் பரவியது அப்படித்தான்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் பார்த்தேனே, அதேதான். ஒருத்தர் கொண்டையைத் தொடுகிறார், ஒருத்தர் வானத்தைப் பார்க்கிறார். அக்கா என் விலாவில் இடித்தார். "பாத்தியா? இங்கயும் ஊத்தறாங்க" என்று அடிக்குரலில் சொல்லிவிட்டு, அப்போதுதான், அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். அவர் சிரித்ததும் நானும் மைக்கை மூடிக்கொண்டு சிரித்தேன்.

கடைசிக் குப்பத்தில் ஒரு புது மருமகள் வண்டிக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். காதோடு காதாகக் கேட்டாள்: "நான் ஒரு சொம்புதான் ஊத்தறேன். அந்த மீட்டரு எங்க மாமியாருக்குக் காட்டிக் குடுத்துடுமா?" காட்டாது என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் போன இரண்டாவது நிமிஷம் மாமியார் வந்தார். அவருக்கும் அதே கேள்வி, மருமகளுக்குத் தெரியக்கூடாதாம்.

மத்தியானம் வண்டி காலி. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார் அக்கா. "உன்னால ரெண்டு நாள் பேஜாரு. ஆனா இன்னிக்கி வித்த மாதிரி நான் என்னிக்கும் வித்ததில்ல" என்றார். வீட்டில் இறக்கிவிடும்போது சீல் உடைக்காத இரண்டு கேனை எடுத்து வைத்தார். "இது மீனுக்கு. காலிக் கேன அடுத்த வாரம் குடு, அவசரமில்ல. உங்கம்மா கை படாத எடமா பாத்து வை."

அந்தத் தண்ணீரை நேராக உப்புக் கலந்து, ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினேன். பத்துப் பதினைந்து நாளில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. போன மாதம் தொட்டிக்குள் வைத்திருந்த ஓட்டுத் துண்டில் ஆரஞ்சுப் பொட்டுப் பொட்டாக முட்டை! பெரிய மீன் காவல் நிற்கிறது, சின்ன மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. நான் குதித்த குதியில் தெருவே ஓடி வந்தது. அத்தை குனிந்து, மூக்கு தொட்டிக் கண்ணாடியில் முட்ட முட்டப் பார்த்தாள். "கொழம்புக்கு ஆவாத மீனுன்னு நெனச்சேன். குடும்பமாவது நடத்துதே" என்றாள். கேன் அக்கா வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்து பார்த்துவிட்டு, "என் தண்ணியில பொறக்கப் போவுதுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். நைனா மட்டும், "முட்ட வெச்சிது சரி. இன்னும் கத்தலயே" என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு தண்ணீர். மீனுக்கு, சீல் உடைத்த கேனிலிருந்து நேராக. எங்களுக்கு, அம்மாவின் டிரம்மிலிருந்து, அரைக் குடம் கலந்தது. நடுவில் ஒரு பரீட்சைக்காகச் சென்னையில் நான்கு நாள் தங்கி, வெறும் கேன் தண்ணீரையே குடித்தபோதுதான் எனக்கும் தெரிந்தது, அம்மா சொன்னது நிஜம், சப்பென்றுதான் இருக்கிறது. திரும்பி வந்து டிரம்மிலிருந்து மொண்டு குடித்த முதல் டம்ளரில் ஊர் வந்து சேர்ந்தது. மீட்டர் இப்போதும் என் பையில்தான் இருக்கிறது. யார் வீட்டுக் குடமானாலும் சரி, "இதுல நீங்க இன்னா ஊத்துனீங்க?" என்று முதலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் அதை வெளியே எடுக்கிறேன்.